தறி நின்று கேட்ட பேச்சு

நூலாம்பாளையத்துக்காரர்கள் பேச்சைக் கண்ணால் கேட்கிறவர்கள். வீட்டுக்கு வீடு, வீடு இல்லாத இடத்தில் குடோனுக்குக் குடோன், விசைத்தறி ராவும் பகலும் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குள் பிறந்து, அந்தச் சத்தத்துக்குள் சடங்காகி, அந்தச் சத்தத்துக்குள்ளேயே பாடையேறுகிற சனம், எதிரில் இருப்பவர் உதடு எங்கே மடிகிறது, எங்கே குவிகிறது, எந்த இடத்தில் பல்லில் படுகிறது என்று பார்த்தே சேதியைத் தெரிந்துகொள்ளும். சந்தையில் இந்தக் கோடியில் நின்று ஒருத்தி தக்காளி விலையைக் கேட்டால் அந்தக் கோடியில் இருப்பவள் வாயசைப்பாள், வியாபாரம் முடிந்துவிடும். மாமியாரைத் திட்ட வேண்டிய மருமகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு வஞ்சனையில்லாமல் திட்டுவாள். ஒருவர் சொல்வதைக் கேட்க இஷ்டமில்லை என்றால் காதைப் பொத்த வேண்டியதில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும்.

இந்த ஊரின் அரசு மேல்நிலைப் பள்ளிக்குத் தமிழாசிரியையாக வந்து சேர்ந்தாள் நாகரத்தினம் டீச்சர். அவள் தாராபுரத்துக்குத் தெற்கே, காற்றும் காக்கையும் தவிர வேறெதுவும் சத்தம் போடாத காட்டில் பிறந்தவள். வந்த வருஷமே அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வெளியூருக்குப் பேச்சுப் போட்டிக்குப் போகிற இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒன்று தொண்டை கிழியக் கத்தின, இல்லாவிட்டால் நட்ட கட்டையாக நின்றுவிட்டு அழுதுகொண்டே இறங்கின. கூட்டத்தைக் கண்டு பயம் என்று மற்ற வாத்தியார்கள் சொன்னார்கள். சந்தையிலும் தேர்த்திருவிழாவிலும் மிதிபட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கூட்டம் ஒரு பயமா? மேடையேறியதும் யாரோ மைக்கில் 'அமைதி, அமைதி' என்று சொல்ல அரங்கம் அடங்குமே, அந்த அடக்கம்தான் அவர்களுக்கு ஆகவில்லை. எழவு வீட்டில்கூட அவர்கள் அப்படி ஒரு அமைதியைப் பார்த்ததில்லை. தன் மூச்சு தனக்கே கேட்டதும் பிள்ளைகள் வெலவெலத்துப் போயின.

டீச்சர் அவர்களைப் பள்ளிக்குப் பின்னால் இருந்த தண்ணீரில்லாத கிணற்றுக்குள் படி வழியாக இறக்கினாள். அடியில் தறிச் சத்தம் தூரத்து மழை மாதிரிதான் கேட்கும். முதல் வாரம் யாரும் பேசக் கூடாது, சும்மா உட்கார்ந்து அவரவர் மூச்சோடு சிநேகமாக வேண்டும். அடுத்து பேர் சொல்ல வேண்டும். அதற்கடுத்து, காலையில் என்ன சாப்பிட்டாய், அது நன்றாக இருந்ததா, இல்லையென்றால் ஏன் இல்லை. இப்படிப் பழைய சோற்றிலும் வெங்காயத்திலும் தொடங்கித்தான் அந்தப் பிள்ளைகள் பேசக் கற்றன. மற்ற பள்ளிகளில் வாத்தியார் பேச்சை எழுதிக் கொடுப்பார், பிள்ளை அதை நெட்டுருப் போட்டு ஒப்பிக்கும். டீச்சர் அதற்கு மட்டும் ஒப்பவே மாட்டாள்.

"நான் எழுதிக் குடுத்தா பேசறது நானு, வாய் மட்டும் உன்றது. நமக்கு அது வேண்டாங் கண்ணு" என்பாள்.

அவள் செய்த உதவி ஒன்றே ஒன்று. பிள்ளை பேசும்போது மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வாள். மேடையில் ஒரு நிறுத்தம் இரண்டு மூச்சைத் தாண்டினால் அது நிறுத்தம் இல்லை, மறதி என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை திரும்பிப் பார்க்கும், டீச்சர் உதட்டாலேயே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பாள். நூலாம்பாளையத்துப் பிள்ளைக்கு அது போதும். பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது அவளே ஒருமுறை 'அவையோருக்கு வணக்கம்' என்பதோடு எல்லாம் மறந்து நின்றிருக்கிறாள். முன்னால் இருந்த அத்தனை முகத்தில் ஒரு முகம்கூட ஒரு சொல் கொடுக்கவில்லை. அன்று இறங்கியவள் பிறகு மேடையேறவே இல்லை.

கோகிலவாணி எட்டாவது படித்தபோது கிணற்றுக்குள் வந்தாள். அப்பா சின்னராசு தறி ஓட்டுகிறவர். குயில் போன்ற குரலுடையவள் என்று பேர் வைத்தார்களே தவிர, அந்தக் குயில் தன் பேரைச் சொல்லவே ஒரு பருவம் ஆயிற்று. டீச்சர் அவசரப்படவில்லை. மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகும் அவளோடு உட்கார்ந்திருந்தாள். தன் டிபன் பாக்ஸில் பாதியை அவளுக்குக் கொடுத்தாள். பெற்ற பிள்ளை இல்லாதவள், மனதில் இருந்த இடத்தையெல்லாம் அந்தப் பெண்ணுக்கே ஒழித்துக் கொடுத்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

அந்த வருஷக் குடியரசு தினத்தன்று கோகிலவாணி பள்ளி மைதானத்து மேடையில் ஏறி, வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, "அவையோருக்கு வணக்கம்" என்றாள். ஊரில் இருந்த தறியெல்லாம் நின்றுவிட்டது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, பெல்ட் சுற்றிக்கொண்டிருந்தது, தறி மட்டும் நின்றது. பாவு நூலுக்கு நடுவில் குறுக்கே ஓடும் நாடா பாதி வழியில் அப்படியே தங்கிவிட்டது. கோகிலவாணி தன் ஊரைப் பற்றிச் சொல்ல இருந்ததைச் சொல்லி, "நன்றி, வணக்கம்" என்றதும், நின்ற இடத்திலிருந்து நாடா கிளம்பி மறுகரை போய்ச் சேர்ந்தது. ஒரு இழை அறவில்லை. லைன்மேன் கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். தறி பிட்டர் ஆறுமுகம் நாலைந்து தறியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கோளாறு இல்லீங்க, மருவாதி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் ஊர் எதையெதையோ கேட்டது. பூ விற்கும் மாரக்காள், தன் புருசன் சோறு உண்ணும்போது ஒவ்வொரு வாய்க்கும் 'அம்மா' என்று முனகுவதைக் கல்யாணமான இத்தனை காலத்தில் முதல்முறையாகக் கேட்டு, இந்த மனுசனுக்கு எங்கேயோ வலிக்கிறது என்று தெரிந்து, அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கைக்குழந்தைகள் அமைதியில் பயந்து வீறிட்டன, தாய்மார்கள் கரண்டியால் தட்டைத் தட்டித் தூங்கவைத்தார்கள். வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்த ஒரு பையனும் பெண்ணும் இரண்டு பேர் குரலும் நன்றாக இருப்பதாக முடிவுசெய்தார்கள்.

எந்த அதிசயமும் ஊருக்குள் வந்தால் முதலில் விருந்தாளி, பிறகு வேலைக்காரன். கொஞ்ச நாளில் கிணற்றுப் பிள்ளைகள் யார் பேசினாலும் தறி நின்றது. சுமாராகப் பேசினால் பள்ளியை அடுத்த வீதி மட்டும் நிற்கும், நன்றாகப் பேசினால் பால் சொசைட்டி வரை, கோகிலவாணி பேசினால் பைபாஸ் ரோட்டைத் தாண்டியும் நிற்கும். முதலாளிகள் முதலில் உற்பத்தி போச்சு என்று கத்தினார்கள், அப்புறம் வெள்ளிக்கிழமை பேச்சு மன்றம் நடக்கும் நேரம் பார்த்துத் தறிக்கு எண்ணெய் விடப் பழகிக்கொண்டார்கள். 'எம் பையன் சொசைட்டி வரைக்கும் நிறுத்தீட்டான்' என்று தாய்மார்கள் பெருமையடித்தார்கள், அது அந்த ஊரில் முதல் மார்க்குக்குச் சமம்.

ஒருநாள் கிணற்றுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பொடியன், "தறி ஏனுங் டீச்சர் நிக்குது?" என்று கேட்டான். டீச்சருக்குத் தெரிந்தால்தானே சொல்ல? ஆனாலும் அவனுடைய நடுக்கத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. "மனசறிய உண்மையப் பேசினா தறியும் நின்னு கேக்கும் கண்ணு. நீ உண்மையச் சொல்லு, மத்ததத் தறி பாத்துக்கும்" என்றாள். பொடியன் தைரியமாக எழுந்து பேசினான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அந்த நிமிஷத்தில்தான்.

அந்தச் சொல் பொடியனிடமிருந்து அவன் அம்மாவுக்குப் போய், அம்மாவிடமிருந்து கூலி வாங்கும் வரிசைக்குப் போய், ஊர்ச் சட்டமாகிவிட்டது. அதுவரை கோழி காணாமல் போனாலும் கொடிக்கம்பியில் சேலை காணாமல் போனாலும் மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். இப்போது கிணற்றுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, அதை ஒரு கல்லின் மேல் ஏற்றிப் பேசச் சொன்னார்கள். தறி நின்றால் உண்மை, நிற்காவிட்டால் பொய். பிள்ளைக்குத் தேன்மிட்டாய். பிரிந்த பங்காளிகள் அப்படிச் சேர்ந்தார்கள், சந்தேகப்பட்ட புருசன்மார் அப்படி அடங்கினார்கள், ஊரில் கற்பூரச் செலவு மிச்சமாயிற்று.

டீச்சருக்கு மட்டும் நெஞ்சில் முள். ஒரு சனிக்கிழமை, பள்ளியில் யாரும் இல்லாத நேரத்தில், கோகிலவாணியை மேடையில் ஏற்றினாள். பட்டிமன்றப் பயிற்சிக்கு வைத்திருந்த இரண்டு சீட்டுகளைக் குலுக்கிப் போட்டாள். 'ஒட்டி' என்று வந்தால் தலைப்புக்கு ஆதரவாகப் பேச வேண்டும், 'வெட்டி' என்று வந்தால் எதிர்த்துப் பேச வேண்டும். எது வந்தாலும் மனசாரப் பேச வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது என்பது டீச்சரின் பாடம். தலைப்பு, 'நம் ஊர் வழியாகக் காவேரி ஓடுகிறது'. ஊரில் ஓடுவது சாயத்தண்ணீர் நாறும் ஒரு பள்ளம்தான். கோகிலவாணிக்கு ஒட்டி வந்தது. அவள் படித்துறையைச் சொன்னாள், ஆடிப்பெருக்கைச் சொன்னாள், முழங்கால் வரை நனைந்த பாவாடையைச் சொன்னாள். டீச்சருக்குப் பாதம் குளிர்ந்தது. பைபாஸ் தாண்டி எல்லாத் தறியும் நின்றன.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பொய்க்கும் நிக்குதுங் டீச்சர்" என்றாள் கோகிலவாணி. அவள் முகத்தில் பயம் இல்லை.

"யாருக்கும் சொல்லிப் போடாத கண்ணு. சின்னப் புள்ளைக அதை நம்பித்தான் வாயத் தொறக்குதுக. ஊர்ல எத்தன குடும்பம் அதை நம்பிச் சேந்திருக்குது."

"சொல்ல மாட்டனுங் டீச்சர். உங்க மேல சத்தியம்."

பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குத் தலைவர் அவிநாசியப்பன். ஊரிலேயே பெரிய குடோன் அவருடையது. அப்பா காலத்திலிருந்தே கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து தறியை நடத்தியவர் என்பதால் உதட்டைப் படிக்கிற வித்தை அவருக்கு வராமல் போயிற்று. வெளியே வந்தால் பக்கத்தில் யாராவது ஒருவர் நின்று, எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று அவர் காதில் சொல்ல வேண்டும். மற்றபடி பள்ளிக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தவர், மைக் செட் வாங்கிக் கொடுத்தவர், நல்லவர் என்றுதான் பேர்.

குழந்தைகள் தினத்தன்று ஆறாம் வகுப்பு ஜீவிதா மேடையேறினாள். சின்னக் குருவி மாதிரி இருப்பாள், முதல் மேடை. 'எனக்குப் பிடித்த நாள்' என்று தலைப்பு.

"எனக்குப் பிடித்த நாள் தீபாவளி" என்றாள். தறி நின்றது. "புதுத்துணிக்காக இல்லீங்க. மத்த நாள்ல எங்கம்மா ராத்திரி ஷிப்டுக்குக் குடோனுக்குள்ள போனதும் வெளிய பூட்டிருவாங்க. வெடியற வரைக்கும் தொறக்க மாட்டாங்க. ஒருக்கா எனக்குக் காய்ச்சல் வந்து நான் போய்க் கதவத் தட்டினேன், உள்ள தறிச் சத்தத்துல எங்கம்மாவுக்குக் கேக்கல. தீபாவளிக்கு மட்டும் பூட்டு இல்ல. அதனால எனக்குத் தீபாவளி பிடிக்கும். நன்றி, வணக்கம்."

அந்தப் பூட்டு யாருக்குத் தெரியாது? அவிநாசியப்பன் குடோன் கதவில் அது தொங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் ஊர் கோயிலுக்கும் ரேசன் கடைக்கும் போய் வந்தது. ஆனால் கண்ணால் மட்டுமே கேட்டுப் பழகிய சனத்துக்கு, அமைதியில், ஒரு குழந்தையின் குரலில், காதால் கேட்டது தாங்கவில்லை. மறுநாள் பொழுது சாய மாரக்காள் முன்னால் போக, பெண்களெல்லாம் குடோன் வாசலில் போய்ச் சும்மா நின்றார்கள். ஒருத்தியும் வாயசைக்கவில்லை. அவிநாசியப்பன் பூட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் புத்திசாலி. பூட்டு பொய் என்று சொன்னால் எடுபடாது, தறியே நின்று சாட்சி சொல்லிவிட்டது. அதனால் அவர் வேறு கேள்வி கேட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்படிப் பேசத் தெரியுமா? யார் எழுதிக் கொடுத்தது? குழந்தையின் வாயில் தன் வாயை வைத்து ஒரு பெரிய மனுசனைச் சந்தி சிரிக்க வைத்தது யார்? கேள்வி டீக்கடைக்குப் போய், டீக்கடையிலிருந்து பள்ளிக்கு வந்தது. மைதானத்தில் பொதுக்கூட்டம் போடுவது, டீச்சர் எழுதிக் கொடுத்தது உண்மை என்றால் பேச்சு மன்றத்தை மூடுவது, டீச்சரை மாற்றிவிடச் சொல்லி மேலே எழுதுவது என்று கழகம் முடிவு செய்தது.

டீச்சர் பயப்படவில்லை. ஒரு வரிகூட எழுதிக் கொடுத்ததில்லை என்பது கிணற்றுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். மன்றத்துச் செயலாளர் கோகிலவாணி, இப்போது பதினொன்றாவது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் தறி நிற்கும், ஊர் நம்பும்.

"நீ புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டாங் கண்ணு. கிணத்துக்குள்ள நாம என்ன பண்றோமோ அதச் சொன்னாப் போதும்."

"பேசறனுங் டீச்சர்" என்றாள் கோகிலவாணி.

அவிநாசியப்பன் அதற்கு முதல்நாளே கோகிலவாணியின் அப்பா சின்னராசுவைத் தேடி வீட்டுக்கு வந்து போயிருந்தது டீச்சருக்குத் தெரியாது. நாமக்கல் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கூடம், டி.வி.யில் பேசுகிற பிள்ளைகளெல்லாம் படிக்கிற இடம், ஹாஸ்டலோடு சேர்த்து எல்லாம் அவர் பொறுப்பு என்று பேச்சு முடிந்திருந்தது. நூலாம்பாளையத்தில் இதையெல்லாம் தெரிந்துகொள்ள அந்த வீட்டு வாசலில் யாராவது ஒருவர் உதட்டைப் பார்த்திருந்தால் போதும். பார்த்தவர்கள் இருந்தார்கள். டீச்சரிடம் சொன்னவர்கள்தான் இல்லை.

கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. டீச்சர் வழக்கம்போல மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள், பக்கத்தில் மாரக்காள். அவிநாசியப்பன் மேடையில் நடு நாற்காலியில். கோகிலவாணி மைக்கைத் தன் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டாள், டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி உடனே தொடங்காமல் சபையின் இடப்பக்கம், வலப்பக்கம், நடு என்று ஒருமுறை பார்த்தாள்.

"அவையோருக்கு வணக்கம்."

தறி நின்றது. அன்று நின்ற மாதிரி என்றுமே நின்றதில்லை. பைபாஸைத் தாண்டி, அடுத்த ஊரைத் தாண்டி, வானத்தையே யாரோ பொத்திவிட்ட மாதிரி அமைதி. டீச்சருக்குப் பெருமையில் கண் கலங்கியது. என் பொண்ணு, என்று நினைத்தாள்.

"ஜீவிதா என் தங்கை போன்றவள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று இந்த மேடையில் அவள் பேசிய ஒவ்வொரு வரியையும் எழுதிக் கொடுத்தவர் எங்கள் ஆசிரியர். கிணற்றுக்குள் உட்கார வைத்து, மனப்பாடம் ஆகும் வரை வீட்டுக்கு விடவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். என் கண்ணால் பார்த்தேன்."

டீச்சருக்கு முதலில் அர்த்தமே ஆகவில்லை. குரல் எவ்வளவு சீராக வருகிறது என்றுதான் மனசு கவனித்தது. 'என் கண்ணால்' என்ற இடத்தில் விரலைக் கண்ணருகே கொண்டுபோகாமல் நெஞ்சருகே வைத்தாளே, அது சரி, அதுதான் அழகு. அப்புறம்தான் அவள் சொன்னது என்ன என்று உறைத்தது. நான் சோறு போட்டேனே, நான் பேசக் கற்றுக் கொடுத்தேனே, இந்த வாய் நான் திறந்த வாயல்லவா என்று அவளுக்குக் கத்தத் தோன்றியது.

"இந்த ஊருக்குச் சோறு போடும் ஒரு பெரிய மனிதரை, அவர் வாங்கிக் கொடுத்த மேடையிலேயே, அவர் வாங்கிக் கொடுத்த மைக்கிலேயே அவமானப்படுத்தினார்கள். சபையோரே, அன்று இங்கே நடந்தது பேச்சு அல்ல..."

நிறுத்தம். ஒரு மூச்சு. சரியான நிறுத்தம். இரண்டு மூச்சு. அதையும் தாண்டியது. கோகிலவாணியின் கட்டைவிரல் சுட்டுவிரலைத் தேய்க்கத் தொடங்கியது. அவள் திரும்பி மூன்றாம் வரிசையைப் பார்த்தாள்.

பேச்சு அல்ல என்று நிறுத்திய பிறகு அந்த இடத்தில் நிற்கக்கூடிய சொல் தமிழில் ஒன்றுதான். எதுகை அப்படி. யோசித்தா செய்தாள்? தொட்டிலில் குழந்தை அழுதால் கை தானாக ஆட்டுகிற மாதிரி, டீச்சரின் உதடு அசைந்தது.

'ஏச்சு.'

"...ஏச்சு!" என்றாள் கோகிலவாணி.

கைதட்டல் எழுந்தது. மூன்றாம் வரிசையைச் சுற்றி இருந்தவர்களும் நூலாம்பாளையத்துக்காரர்கள்தான், உதட்டைப் படிக்க அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

"அட சாமி, இப்பக்கூடப் பாருங்க, இவளேதான் எடுத்துக் குடுக்கறா!" என்று மாரக்காள் கையை நீட்டினாள். தறி நின்றிருந்ததால் அது மைதானத்தின் கடைசி வரை தெளிவாகக் கேட்டது. "பின்ன அந்தச் சின்னக் கழுதைக்கும் இப்படித்தான எடுத்துக் குடுத்திருப்பா?"

தன்மேல் தானே பழி சொல்ல எந்தப் பைத்தியக்காரி எடுத்துக் கொடுப்பாள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தறி நின்றது, எனவே பெண் சொன்னது உண்மை. உதடு அசைந்தது, எனவே கண்ணாலும் பார்த்தாயிற்று. அப்படியானால் ஜீவிதாவுக்கு அன்று தறி ஏன் நின்றது என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, டீச்சரோட பாவத்தைக் காட்டிக் கொடுக்கத்தான் நின்றது என்று பக்கத்தில் இருந்தவர் பதில் சொன்னார். கிழவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"நன்றி, வணக்கம்." தறிகள் ஒன்றாகக் கிளம்பின. கோகிலவாணி படியில் இறங்கி மூன்றாம் வரிசையைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

'எனக்கு வெட்டி வந்துச்சுங் டீச்சர்.'

சீட்டில் வந்த பக்கத்தைப் பேசினேன், அவ்வளவுதான் என்பதுபோல் அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. வளர்த்த கடா மார்பில் பாயும் என்று சொல்லி வைத்தார்களே, அந்தக் கடா பாய்ந்த பிறகும் இப்படிச் சாதுவாக நின்று பார்க்கும் என்று யாராவது சொன்னார்களா? போய் மேடையில் அவிநாசியப்பன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"டீச்சரம்மா ஏதாச்சும் சொல்றதுன்னா வந்து சொல்லலாங்க" என்றார் தலைமையாசிரியர், சம்பிரதாயத்துக்கு.

டீச்சர் எழுந்தாள். பயிற்சிக் கல்லூரி நாளுக்குப் பிறகு முதல்முறையாக மேடையேறினாள். பிள்ளைகளுக்குச் சொன்னதையெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டாள். வயிற்றிலிருந்து மூச்சு, இடப்பக்கம், வலப்பக்கம், நடு.

"அவையோருக்கு வணக்கம்" என்றாள்.

தறி ஓடிக்கொண்டிருந்தது.

ஒருவேளை பெரியவர்களுக்கு நிற்காதோ, ஒருவேளை குரல் போதவில்லையோ. மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்தாள். தறி ஓடியது. சரி, ஓடட்டும், இது கண்ணால் கேட்கிற ஊர்தானே என்று உதட்டைத் திருத்தமாக மடித்து அவள் பேசினாள். நான் ஒரு வரியும் எழுதிக் கொடுக்கவில்லை, ஜீவிதா பேசியது அவள் பேச்சு, அவள் காய்ச்சல், அவள் அம்மா, அந்தப் பூட்டு. நீங்கள் நம்பி இருக்கிற சொல்லைச் சொன்னதே நான்தான், அது பொய், தறி உண்மைக்கும் நிற்கும் பொய்க்கும் நிற்கும், இந்த ஊரில் காவேரி ஓடுகிறது என்றதற்கும் நின்றது.

முதல் வரிசை குனிந்து செருப்பைப் பார்த்தது. இரண்டாம் வரிசை வேப்பமரத்தைப் பார்த்தது. மாரக்காள் கூடையில் மீந்த பூவை எண்ணினாள். வரிசை வரிசையாக முகங்கள் திரும்பின, காற்றில் சோளத்தட்டு சாய்கிற மாதிரி. ஜீவிதா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் அம்மா, எந்தப் பூட்டுக்குள் இருந்தாளோ அந்த அம்மா, பிள்ளையின் தாடையைப் பிடித்து மறுபக்கம் திருப்பினாள். நாளைக்கு வேலைக்குப் போக வேண்டியவள். அவளை என்ன சொல்ல?

அந்த மைதானத்தில் டீச்சரின் முகத்தைக் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு முகம்தான். மேடையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல், கோகிலவாணி எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தாள். யார் பேசினாலும் பேசுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அது பேசுகிறவருக்குத் தைரியம். அதுவும் டீச்சர் சொல்லிக் கொடுத்ததுதான். அந்தக் கண்களைப் பார்த்ததும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், டீச்சருக்குத் தைரியம் வந்தது. அவளுக்காக, அவள் ஒருத்திக்காகவே, டீச்சர் பேசிக்கொண்டு போனாள்.

அவிநாசியப்பன் சாய்ந்து கோகிலவாணியின் காதருகே கேட்டார்.

"என்ன கண்ணு சொல்றாங்க?"

கோகிலவாணி டீச்சரின் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்க. தப்புத்தான்னு ஒத்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் நன்றி சொல்றாங்க."

அவிநாசியப்பன் பெருந்தன்மையாகக் கைதட்டினார். அவர் தட்டவும் ஊர் திரும்பிப் பார்த்துத் தானும் தட்டியது. டீச்சர் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், பின்வரிசையில் நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.